சத்தத்துக்கு அழும் பிள்ளை: அடமா, அவதியா?

கோவில் திருவிழா முடிந்த மறுநாள் ஒரு தாய் தன் நான்கு வயது மகனை என்னிடம் கூட்டி வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளேன்.) மேளம் தொடங்கியதும் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் விழுந்து கத்தியிருக்கிறான். "செல்லம் குடுத்துப் பழுதாக்கிப் போட்டியள்" என்றாராம் பக்கத்தில் நின்றவர். வீட்டிலும் அதே கதைதான். "நாங்கள் ஷெல்லடிக்குள்ளை பிள்ளை வளர்த்தனாங்கள், இவனுக்கு மேளத்துக்குப் பயமோ?" என்று அம்மம்மா கேட்கிறாராம்.

விசாரித்தபோது, லேபிளை வெட்டினால்தான் சட்டை போடுவான், தலைமுழுக்கு என்றால் ஒரே அழுகை, குழம்பு பட்ட சோற்றைத் தொடமாட்டான் என்பதும் தெரியவந்தது.

காது, தோல், நாக்கு அனுப்பும் செய்திகளில் பெரும்பகுதியை மூளை வடிகட்டிவிடுகிறது. போட்டிருக்கும் சட்டையை நாம் நாள் முழுக்க உணர்வதில்லை அல்லவா? சில பிள்ளைகளுக்கு இந்த வடிகட்டல் போதாது. மேளம் அவர்களுக்குச் சத்தமாக அல்ல, நோவாகவே போய்ச் சேருகிறது. புதுவருட வாணவேடிக்கைக்கு நான் இன்றும் திடுக்கிடுபவன். அது பழைய நினைவு. இந்தப் பிள்ளைக்கு நினைவு ஒன்றும் தேவையில்லை, சத்தமே போதும்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் இது அதிகம். 2013இல் வெளியான டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க உளமருத்துவக் கையேடு இதை ஓட்டிசத்தின் அறிகுறிகளுள் சேர்த்தது. ஆனால் இது மட்டும் இருந்தால் ஓட்டிசம் என்று அர்த்தமில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, விரலால் சுட்டிக் காட்டாமை, பேச்சுப் பிந்துதல் ஆகியவையும் சேர்ந்திருந்தால் தாமதிக்கக் கூடாது. "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று எங்கள் சனம் தள்ளிப்போடும். வைத்தியனான நானே என் மூத்த மகன் விடயத்தில் ஒரு வருடம் அப்படித் தள்ளிப்போட்டேன்.

வீட்டில் என்ன செய்யலாம்? இப்படியான பிள்ளைகள் பலருக்கு மெல்லத் தடவுவது கூசும், அழுத்திப் பிடிப்பது இதமாக இருக்கும். ஆகவே முழுக்கின்போது முகத்தில் தண்ணீர் ஊற்றாமல், ஈரத்துணியை நெற்றியில் பிடிக்கக் கொடுத்து, பத்துவரை எண்ணி முடியுங்கள். பிறகு துவாயால் இறுக்கிச் சுற்றி அணையுங்கள். சரிகை உறுத்தும் பட்டுக்குக் கீழே பருத்திச் சட்டை போடலாம். மேஸ் ஹில் முருகன் கோவிலோ கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயமோ, முதலில் சனம் குறைந்த நாளில் கூட்டிப்போங்கள். திருவிழாவுக்கு, பன்னிங்ஸ் போன்ற கடைகளில் விற்கும் சிறுவர் காதுமூடி உதவும். ஆனால் அதை நாள் முழுக்கப் போட விடாதீர்கள். அமைதிக்கே பழகிய காதுக்குச் சிறு சத்தமும் பெரிதாகிவிடும்.

சாப்பாட்டுக் கோப்பையோடு பிள்ளையின் பின்னால் ஓடித் தீத்துவது எங்கள் வழக்கம். இங்கே அது எதிர்மாறாக வேலை செய்யும். அவன் விரும்பும் சோற்றுக்குப் பக்கத்தில் புதியதைச் சிறிதளவு வையுங்கள், தொடாவிட்டாலும் பேசாதிருங்கள். பத்துத் தடவைக்கு மேலும் வைக்க வேண்டிவரலாம். பாலையே குடித்து வளரும் பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவு வரும் என்பதால் அதையும் பரிசோதிப்பேன். காதுக்குள் நீர் தேங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பேன்.

அடுத்த படி, இங்கே ஓ.ரி. என்று சொல்லப்படும் ஒக்குபேஷனல் தெரபிஸ்ட். ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் நிலைமைக்குக் குடும்ப வைத்தியர் திட்டம் எழுதினால், தகுதியைப் பொறுத்து, ஆண்டுக்கு 5 தடவை வரை மெடிகெயார் ஒரு பங்கைத் தரும். மீதியைப் பெரும்பாலும் நீங்கள்தான் கட்டவேண்டும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தடையென்றால் 131 450 மூலம் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்யும்படி வைத்தியரிடம் சொல்லலாம்.

வரும்போது சிட்னியில் நீலப் புத்தகத்தையும் மெல்பேர்ணில் பச்சைப் புத்தகத்தையும் மறக்காதீர்கள். எந்தச் சத்தம், எந்த உடுப்பு, எந்தச் சாப்பாடு என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். முடிந்தால் அம்மம்மாவையும் கூட்டி வாருங்கள்.