துளை, சங்கிலி, மோதல்!

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் பெரியவர்களுக்கு ராமானுஜர் ஞாபகம் வரும். பேப்பர் படிக்கிறவர்களுக்கு 1991, மே 21. இருபத்தைந்து வயசுப் பையன்களைக் கேட்டால் மட்டும் வேறு பதில்: 'ஷிப்ட் பஸ் எத்தனை மணிக்கு ஸார்?' விடிகாலை இருட்டில் ஏறி, ஜன்னலில் தலை சாய்த்து, பக்கத்து ஸீட்காரர் தோளில் முடிக்கிற தூக்கம் அது. ஒரகடம் வரை சாலையின் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் கம்மி.

அந்தச் சாலையில் மூன்று விஞ்ஞானக் கதைகள் இருக்கின்றன. ஒன்று துளை போட்ட கதை. இரண்டாவது சங்கிலி கோத்த கதை. மூன்றாவது மோதவிட்டுப் பார்த்த கதை. பயப்படாதீர்கள், சூத்திரம் கிடையாது. கடைசியில் பரீட்சையும் கிடையாது.

முதலில் துளை.

1956-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆர்தர் உலிர், இங்கபோர்க் உலிர் என்று இரண்டு பேர் ஸிலிக்கான் தகட்டுக்கு மெருகேற்றப் பார்த்தார்கள். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் முக்கி, மின்சாரம் பாய்ச்சினார்கள். கண்ணாடி மாதிரி வழவழப்பு வரும் என்று பார்த்தால், கறுப்பும் சிவப்பும் பழுப்புமாக ஏதோ படலம் வந்து தொலைத்தது. 'இப்படி ஆச்சு' என்று பதிவு பண்ணிவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

அந்தப் படலம் வேறொன்றுமில்லை. அமிலம் குடைந்து குடைந்து ஸிலிக்கானைப் பஞ்சு மாதிரி ஆக்கியிருந்தது. முப்பத்துநாலு வருஷம் அதை உலகம் பெரிதாகச் சீண்டவில்லை. 1990-ல் இங்கிலாந்தில் லீ கான்ஹாம் என்பவர், நன்றாகத் துளைத்த ஸிலிக்கான் மேல் ஒளியைப் பாய்ச்சினால் அது தானே சிவப்பாக ஒளிர்கிறது என்று காட்டினார். பௌதிக உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஏன் இவ்வளவு ஆச்சரியம்? ஸிலிக்கான் கணக்குப் போடுவதில் புலி. வெளிச்சம் தருவதில் மகா மந்தம். ஆனால் துளைகளுக்கு நடுவே மிஞ்சுகிற சுவரின் தடிமன் சில நானோமீட்டர்தான். (உங்கள் தலைமுடி சுமார் 70,000 நானோமீட்டர். முடி இருக்கிறவர்களுக்குச் சொன்னேன்.) அந்த இடுக்கில் மாட்டிக்கொண்ட எலெக்ட்ரான்களின் சுபாவம் மாறிவிடுகிறது. சாதுவான மனுஷன்கூட மாலை ஆறரை மணி மின்சார ரயிலில் சாதுவாகவா இருக்கிறார்?

இன்னொரு வேடிக்கை. மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தால் அடர்த்தியான அடுக்கு, சல்லடை அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போடலாம். மயில்தோகை மாதிரி, சாயமே இல்லாமல் நிறம் வரும். துளைக்குள் ஏதாவது ஆவி நுழைந்தால் அந்த நிறம் மாறும். ஆக, ஸிலிக்கானுக்கு ஒரு மூக்கும் கிடைத்துவிட்டது.

இதற்கும் நம் சாலைக்கும் என்ன சம்பந்தம்? பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் ஸோலார் தொழிற்சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. வருஷத்துக்கு 3.3 கிகாவாட் அளவுக்குச் சூரியப் பலகைகள் செய்யும் திறன் அதற்கு. அந்தப் பலகையில் வேலை செய்வது ஸிலிக்கான் இல்லை, காட்மியம் டெல்லுரைட். ஒளியைத் தருவதில் மந்தமான ஸிலிக்கான், அதே காரணத்தால் வாங்குவதிலும் மந்தம். அதனால் ஸிலிக்கான் தகடு நூறு மைக்ரானுக்கு மேல் தடியாக இருக்கவேண்டியிருக்கிறது. காட்மியம் டெல்லுரைடுக்குக் கண்ணாடி மேல் சில மைக்ரான் பூச்சே போதும். ஒருத்தர் குறையால் இன்னொருத்தருக்கு வேலை!

அடுத்து சங்கிலி.

ஒரகடத்தில் 2010-லிருந்து அப்போலோ டயர் தொழிற்சாலை இயங்குகிறது. டயர் என்பது கறுப்பாக, உருண்டையாக, பஞ்சராகிற வஸ்து என்றுதான் நமக்குத் தெரியும். ரப்பர் என்பது ஒரே மாதிரியான சின்ன மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்த நீளச் சங்கிலி. இதை 1920-ல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் சொன்னபோது சக விஞ்ஞானிகளே நம்பவில்லை, அவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்கவே முடியாது என்றார்கள். அவர் பிடித்த பிடியை விடவில்லை. 1953-ல் நோபல் பரிசு வீடு தேடி வந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்து மரத்தில் வடிகிற பாலை அப்படியே உறையவைத்து டயர் செய்தால், சித்திரை வெயிலில் அது சாலையோடு ஒட்டிக்கொள்ளும். சங்கிலிகள் நூடுல்ஸ் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். 1839-ல் சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடுபடுத்தினால் ரப்பர் உறுதியாகிறது என்று கண்டுபிடித்தார். கந்தகம் சங்கிலிக்குச் சங்கிலி பாலம் போடுகிறது. பெயர் உலகப் புகழ் பெற்றது. மனுஷன் மட்டும் 1860-ல் கடனோடு செத்துப்போனார்.

1990-களில் இன்னொரு திருப்பம். டயருக்குள் கரித்தூளுக்குப் பதில் ஸிலிக்கா, அதாவது மணலின் அதிநுண்ணிய உறவினர், சேர்த்தால் உருளும்போது சக்தி விரயம் குறையும், பெட்ரோல் மிச்சமாகும் என்று தெரிந்தது. சிக்கல் என்னவென்றால், ஸிலிக்காவுக்குத் தண்ணீர் பிடிக்கும், ரப்பருக்கு ஆகாது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நடுவில் ஸிலேன் என்ற ரசாயனத் தரகர் வந்தார். ஒரு கையால் ஸிலிக்காவையும், மறு கையால் ரப்பரையும் பிடித்துக்கொண்டார். கல்யாணம் நடந்தது.

கடைசியாக மோதல்.

அதே ஒரகடத்தில் குளோபல் ஆட்டோமோடிவ் ரிசர்ச் சென்டர் இருக்கிறது. புத்தம் புதுக் காரை வேண்டுமென்றே மோதவிடுகிற இடம். (ஈ.எம்.ஐ. கட்டுகிறவர்கள் இந்தப் பாராவைத் தவிர்க்கலாம்.) 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் நட்சத்திர மதிப்பீட்டின் நேர்முக மோதலுக்கு வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். மோதல் முடிய ஆகிற நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போல. அதற்குள் என்ன நொறுங்கியது, பொம்மை மனிதனின் மார்பில் எவ்வளவு அழுத்தம் விழுந்தது என்பதையெல்லாம் கருவிகள் குறித்துவிட வேண்டும்.

ஜெனிவா பக்கத்தில் செர்ன் கூடத்தில் நடப்பதும் தத்துவப்படி இதேதான். 27 கிலோமீட்டர் வட்டச் சுரங்கத்தில் புரோட்டான்களைக் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் எதிரெதிரே விடுகிறார்கள். நொடிக்கு சுமார் நூறு கோடி மோதல்கள். பெரும்பாலானவற்றை அக்கணமே கழித்துக்கட்டிவிட்டு, சொற்பத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் சலித்துத்தான் ஹிக்ஸ் துகளைப் பிடித்து, 2012 ஜூலை 4 அன்று அறிவித்தார்கள். அங்கே வளாகத்தில் நம் நடராஜர் ஆடிக்கொண்டிருக்கிறார். 2004-ல் இந்திய அரசு கொடுத்த சிலை.

இங்கேதான் மூன்று கதையும் ஒன்று சேர்கின்றன. அந்த மோதலைப் பார்க்கிற ஸி.எம்.எஸ். என்ற ராட்சசக் கருவியில், துகள்களின் தடத்தைப் பிடிப்பது ஸிலிக்கான். அதன் ஒரு பகுதிக்கான ஸிலிக்கான் உணர்கருவிகள் பெங்களூர் பி.இ.எல். நிறுவனத்தில் செய்தவை. துகள் பாய்ந்தால் மினுக்குகிற பிளாஸ்டிக் பலகைகளும் உண்டு. பிளாஸ்டிக் என்றால் மறுபடி சங்கிலி. அந்தப் பலகைகளில் ஒரு பகுதியை மும்பை டாடா ஆராய்ச்சி நிலையமும் பஞ்சாப் பல்கலைக்கழகமும் செய்து கொடுத்தன.

இதையெல்லாம் ஒரகடம் டீக்கடையில் ஒரு இளைஞரிடம் சுவாரஸ்யமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டார். டம்ளரை வைத்துவிட்டு, "எல்லாம் சரி ஸார். நான் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஒரே ஸ்க்ரூவை முடுக்குறேன். இதைத் தெரிஞ்சுக்கிட்டு எனக்கு என்ன ஆகப்போவுது?" என்றார்.

நியாயமான கேள்வி. சட்டென்று பதில் வரவில்லை. அவரே தொடர்ந்தார். "எங்க அண்ணன் நோக்கியாவுல இருந்தாரு ஸார். பெர்மனென்ட்னு சொல்லித்தான் கல்யாணம் பண்ணி வெச்சாங்க."

2006-ல் இங்கே உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலையில், உச்சத்தில் நேரடியாகவே சுமார் 8,000 பேர் வேலை பார்த்தார்கள். வரித் தகராறு வந்தது. 2014-ல் கம்பெனியின் செல்போன் பிரிவையே மைக்ரோஸாஃப்ட் வாங்கியபோது, இந்தத் தொழிற்சாலை கணக்கில் சேரவில்லை. அந்த வருஷம் நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று வீட்டில் உட்கார்ந்தார்கள்.

அதில் ஆபரேட்டர்கள் பேரில் ஒரு தப்பும் இல்லை. வரியும் வியாபாரமும் அவர்கள் கையில் இல்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். பாகத்தைப் பொருத்துகிற வேலையை எந்த ஊருக்கும் மாற்றிவிடலாம், மேஜையைத் தூக்கிப் போட்டால் முடிந்தது. அந்தப் பாகம் ஏன் அப்படி இருக்கிறது, வேறு எப்படி இருக்கலாம் என்கிற அறிவு இங்கேயே பிறந்தால், அதை லாரியில் ஏற்ற முடியாது. சாலையில் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்திலேயே ஆராய்ச்சிக்கூடங்களும் அதே எண்ணிக்கையில் நிற்க வேண்டும் என்று நாம் கேட்கத் தொடங்கவில்லை.

"அது கவர்ன்மென்டும் முதலாளியும் பண்ணவேண்டியது ஸார். நான் என்ன பண்றது?" என்று அவர் கேட்டார்.

என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். "தம்பி, உங்க லைன்ல தினமும் ரிஜெக்ட் ஆகுதில்ல? அது ஏன் ஆச்சுன்னு உங்களுக்குன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. ஒரு சமயத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாருங்க. சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டு மாத்துங்க, இல்லேன்னா ரிஜெக்ட் ஆகறது நீங்களா இருக்கும்!"

சிரித்தார். "ஏற்கெனவே எழுதறேன் ஸார்" என்று சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். தேதி, நேரம், எந்த மெஷின், எத்தனை பீஸ் எல்லாம் பொடிப்பொடியான எழுத்தில் இருந்தன. மத்தியான ஷிப்டில் மட்டும் ரிஜெக்ட் ஏன் கூடுகிறது என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.

உலிர் ஆராய்ச்சிக்கூடத்தில் 1956-ல் இருந்ததும் கிட்டத்தட்ட இப்படி ஒரு குறிப்புதான். மெருகேற வேண்டிய தகட்டில் கறையாக வந்ததை அவர்கள் எழுதி வைத்ததால்தான், இன்னொருத்தர் 1990-ல் அதில் வெளிச்சம் பார்த்தார். தம்பியின் கேள்விக்குறிக்கு விடை தெரிய அவ்வளவு வருஷம் ஆகாது என்று நினைக்கிறேன்.