பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்கும் ஒரு நாற்காலி!

காலையில் அம்மா நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில், மாலையில் அப்படியே திரும்பி வருகிறது. "ஏன்டி, நாள் முழுக்க ஒரு வாய் தண்ணி கூடவா குடிக்கலை?" என்று கேட்டால், ஏழாவது படிக்கும் மகள் முதலில், "தாகமே எடுக்கலைம்மா" என்பாள். கொஞ்சம் துருவிக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தண்ணீர் குடித்தால் அங்கே போக வேண்டியிருக்கும். அதனால் குடிப்பதே இல்லை.

பெண் பிள்ளைகள் இருக்கும் எத்தனையோ வீடுகளுக்குப் பழக்கமான உரையாடல் இது. தலைவலி, சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் நாட்களில் எடுக்கும் லீவு என்று பல தொல்லைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. ஒரு தாழ்ப்பாளை மாட்டப் பெரிய செலவெல்லாம் ஆகாது. ஆனால், அதை யாரிடம் சொல்வது? சொன்னால் 'இந்தம்மா ரொம்பப் பேசுறாங்க' என்று ஆகிவிடுமோ? பிள்ளையை முறைப்பார்களோ? இந்தத் தயக்கத்திலேயே ஒரு கல்வியாண்டு ஓடிவிடுகிறது.

இப்படிப்பட்ட விஷயங்களைப் பேசுவதற்கென்றே பள்ளிக்குள் பெற்றோருக்கு ஓர் இடத்தைச் சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அதற்குப் பெயர், பள்ளி மேலாண்மைக் குழு.

நான்கில் மூன்று பேர் பெற்றோர்

2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது கல்வி உரிமைச் சட்டம். அதன் 21-வது பிரிவின்படி, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் அங்கே படிக்கும் குழந்தைகளின் பெற்றோர் அல்லது பாதுகாவலர்களாக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கும் உரிய இடம் தர வேண்டும். ஆசிரியர்களும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் மீதி இடங்களில் வருவார்கள்.

தமிழகத்தில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. 2022-ல் 'நம் பள்ளி நம் பெருமை' என்ற பெயரில் பெற்றோரைத் திரட்டி இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024-ல் மறுபடியும் மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. குழுவின் தலைவர், அந்தப் பள்ளியில் படிக்கும் ஏதோவொரு குழந்தையின் தாய். அவர் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

குழுவின் வேலை என்ன? பள்ளி எப்படி நடக்கிறது என்று கவனிப்பது, பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பது. இந்த மூன்றையும் சட்டமே சொல்கிறது.

'பெற்றோர் ஆசிரியர் கழகம்தான் ஏற்கெனவே இருக்கிறதே' என்று கேட்கலாம். அது வேறு, இது வேறு. கழகம் பல்லாண்டுகளாக இருப்பது. நன்கொடை திரட்டுவது, ஆண்டு விழாவுக்கு உதவுவது, ஆசிரியர் இல்லாத பாடத்துக்குத் தற்காலிக ஆசிரியரை அமர்த்துவது என்று அது நிறையச் செய்திருக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது மாணவர்கள் தேடி வாங்கும் வினா வங்கிப் புத்தகங்களும் அதன் பெயரில் வருபவைதான். ஆனால், அரசுப் பணத்தின் செலவைக் கண்காணிக்கும் அதிகாரத்தைச் சட்டம் தந்திருப்பது மேலாண்மைக் குழுவுக்குத்தான்.

வீட்டுக்கு வரும் நோட்டு

இவ்வளவும் காகிதத்தில் இருக்கிறது. நடைமுறை எப்படி?

கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு. அந்த நேரத்தில் நூறு நாள் வேலைக்கோ, பனியன் கம்பெனிக்கோ, வீட்டு வேலைக்கோ போன அம்மா திரும்பியிருக்க மாட்டார். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வருவது சுலபமில்லை. வந்தவர்களும் பின் வரிசையில் உட்கார்ந்து, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போய்விடுகிறார்கள். சில இடங்களில் கூட்டமே நடக்காமல் தீர்மான நோட்டு மட்டும் வீட்டுக்கு வந்துவிடும். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்று மாணவன் ஒருவன் வாசலில் நிற்பான்.

அந்த ஒரு கையெழுத்துதான் எல்லாமே. 'கழிப்பறை நல்ல நிலையில் உள்ளது' என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தால், அதற்குச் சாட்சி சொல்பவர் அந்த அம்மாதான். தன் மகள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணமான அதே கழிப்பறைக்கு! படிக்கத் தெரிந்தவர்கள் படித்துவிட்டுப் போடலாம். தெரியாதவர்கள் பிள்ளையை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். எழுதியிருப்பது சரியில்லை என்றால், "கூட்டத்துல பேசிட்டுப் போடுறேன் சார்" என்று சொல்லலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பணம் எவ்வளவு வருகிறது?

பள்ளி மானியம் என்று ஒன்று இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிமுறைப்படி, மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டுதோறும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு தொகை உண்டு. 30 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய். 100 பேர் வரை 25,000. 250 பேர் வரை 50,000. ஆயிரம் பேர் வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது 10 சதவிகிதத்தைத் தூய்மைப் பணிகளுக்கு ஒதுக்க வேண்டும். விளையாட்டுப் பொருட்களுக்கும் நூலகத்துக்கும் தனித்தனியே தொகை உண்டு.

120 பிள்ளைகள் படிக்கும் நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொண்டால், மானியம் 50,000 ரூபாய். அதில் 5,000 ரூபாயாவது தூய்மைக்கு. ஒரு தாழ்ப்பாளும் இரண்டு வாளியும் ஒரு குழாய்த் திருகும் வாங்க இது தாராளம். பணம் தாமதமாக வரும் ஆண்டுகளும் உண்டு. அப்படியானால், 'இன்னும் வரவில்லை' என்ற பதிலாவது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். சில நேரங்களில், கைக்காசைப் போட்டுப் பள்ளியை ஓட்டிக்கொண்டிருக்கும் தலைமை ஆசிரியரின் கஷ்டமும் அப்போதுதான் பெற்றோருக்குப் புரியும்.

பணத்தைத் தவிரக் கேட்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டத்தின் கணக்கு. ஆண், பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் அல்லது வேலி, நூலகம் ஆகியவையும் அதே சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. பிள்ளைகளை அடிப்பதும் மனம் நோகும்படி பேசுவதும் 17-வது பிரிவின்படி தடை செய்யப்பட்டவை.

கேட்கும் விதத்தில் இருக்கிறது

"கேள்வி கேட்டால் வாத்தியார் என் பிள்ளை மேல கோபத்தைக் காட்டிட்டா?" இந்தப் பயத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அதனால்தான் தனியாகக் கேட்பதைவிட நாலு பேராகக் கேட்பது நல்லது. கூட்டத்துக்கு முதல் நாள், ஒரே தெருவில் இருக்கும் மூன்று நான்கு அம்மாக்கள் பேசி வைத்துக்கொள்ளலாம். ஒருவர் கழிப்பறை பற்றிக் கேட்டால், மற்றவர் "எங்க பொண்ணும் அதையேதான் சொல்லுது சார்" என்று சேர்ந்துகொள்வார். அப்போது அது ஒரு வீட்டின் புகாராக இருக்காது, ஊரின் தேவையாகிவிடும்.

"ஏன் செய்யலை?" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் சுவர் எழுப்பிக்கொள்வார். "இதை எப்ப முடிக்கலாம் டீச்சர்? நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டால் பதில் வரும். பாடம் நடத்துவதோடு பதிவேடு, ஆன்லைன் வேலை, கணக்கு என்று ஆசிரியர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிறது. பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வேண்டும் என்று பத்து முறை எழுதிப்போட்டு அலுத்துப்போன தலைமை ஆசிரியருக்கு, பெற்றோர் போடும் ஒரு தீர்மானம் பெரிய பலம்.

பேசியது எழுத்தில் ஏற வேண்டும். 'கழிப்பறைக் கதவு பற்றிப் பேசப்பட்டது' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பயனில்லை. என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் நோட்டில் இருக்க வேண்டும். அடுத்த கூட்டம் அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பள்ளிக்குள் தீராத விஷயங்களும் உண்டு. குடிநீர் இணைப்பு, பள்ளிக்குப் போகும் பாதை, தெருவிளக்கு, பள்ளி அருகே இருக்கும் குப்பைமேடு போன்றவை உள்ளாட்சியின் கையில் இருப்பவை. குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதியை வைத்திருப்பது இதற்குத்தான். கிராமங்களில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையிலும் பள்ளியின் தேவையை முன்வைக்கலாம். அங்கே ஓட்டுரிமை உள்ள எல்லோருக்கும் பேச உரிமை உண்டு.

அதன் பிறகும் நகராத விஷயங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. குழந்தையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதென்றால் கூட்டம் வரும்வரை காத்திருக்கவே கூடாது. உடனே 1098-ஐ அழைக்க வேண்டும்.

புதுசு ஒன்றும் இல்லை

பள்ளியை ஊரே தாங்குவது தமிழகத்துக்குப் புதிதல்ல. காமராஜர் முதல்வராக இருந்தபோது, கல்வித் துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலுவின் முயற்சியில் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், நிலம் என்று அவரவர் சக்திக்கு மக்கள் கொடுத்தார்கள். அன்று ஊர் கொடுத்தது பொருள். இன்று பள்ளிக்குப் பெற்றோரிடமிருந்து முதலில் தேவைப்படுவது நேரமும் வாயைத் திறந்து கேட்கும் ஒரு கேள்வியும்தான்.

நேரமே இல்லாதவர்கள்?

கூட்டத்துக்கு அம்மா மட்டும்தான் போக வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று எல்லா வீடுகளிலும் இருக்கிறது. குழு உறுப்பினர் அல்லாத பெற்றோரும் தலைமை ஆசிரியரைச் சந்தித்துப் பேசலாம். அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் பத்து நிமிடம் பள்ளியில் நிற்கலாம். வெளியூரில் வேலை பார்க்கும் பெற்றோர், வகுப்பு ஆசிரியரிடம் மாதம் ஒரு முறை போனில் பேசலாம். பாட்டி தாத்தா வளர்க்கும் பிள்ளைகளுக்கு அவர்களே பாதுகாவலர்கள். அவர்கள் போனாலும் மரியாதை அதேதான். பெரும்பாலான பெற்றோருக்கு மாலை 3 மணி ஒத்துவராது என்றால், 'நேரத்தை மாற்றலாமா?' என்பதையே முதல் கோரிக்கையாக வைக்கலாம்.

தனியார் பள்ளி விஷயம் வேறு. அரசு உதவி பெறாத பள்ளிகளுக்கு இந்த 21-வது பிரிவு பொருந்தாது. சிறுபான்மையினர் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில் குழு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். தனியார் பள்ளிப் பெற்றோருக்கு இருக்கும் முக்கிய வாய்ப்பு, பெற்றோர் சந்திப்பு நாள். அங்கே ரேங்க் கார்டை வாங்கிக்கொண்டு மார்க்கைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்புபவர்கள்தான் அதிகம். "இவளுக்கு கிளாஸ்ல ஃபிரெண்ட்ஸ் இருக்காங்களா? மதியம் சாப்பிடுறாளா? எதுக்காவது பயப்படுறாளா?" என்ற கேள்விகளையும் சேர்த்துக்கொண்டால் அந்தப் பத்து நிமிடம் பிரயோசனமாக இருக்கும்.

எங்கே படித்தாலும் தொடக்கம் வீட்டில்தான். "இன்னைக்கு எத்தனை மார்க்?" என்பதற்குப் பதிலாக, "இன்னைக்கு ஸ்கூல்ல உனக்குப் பிடிக்காதது என்ன?" என்று வாரம் ஒரு முறை கேட்டால் போதும். கூட்டத்தில் பேச வேண்டிய விஷயத்தைப் பிள்ளையே சொல்லிவிடும்.

கூட்டத்துக்குப் போகும் முன்...

• பிள்ளையிடம் கேட்டு, பள்ளியில் சரிசெய்ய வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளலாம். பத்தைக் கொண்டு போனால் ஒன்றும் நடக்காது.

• இந்த ஆண்டு மானியம் எவ்வளவு, இதுவரை செலவு எவ்வளவு என்று கேட்கலாம்.

• போன கூட்டத்தின் தீர்மானங்களை முதலில் வாசிக்கச் சொல்லலாம்.

• கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, சமையலறை மூன்றையும் கூட்டத்துக்கு முன் நேரில் ஒரு நடை பார்த்துவிடலாம்.

• நல்லது நடந்திருந்தால் அதையும் எல்லோர் முன்னாலும் சொல்லிப் பாராட்டலாம். ஆசிரியர்களுக்கு அது அபூர்வமாகக் கிடைக்கும் பரிசு.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த நோட்டு வாசலுக்கு வருவதற்கு முன், ஏழாவது படிக்கும் மகளின் அம்மா பள்ளிக்கே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். "சார், பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூம் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடணும்" என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. அது நோட்டில் ஏறி, கதவில் மாட்டப்பட்ட நாளின் மாலையில், தண்ணீர் பாட்டில் காலியாக வீடு திரும்பும்.