அரசியல் கலவாத விளையாட்டு விழா உண்டா?

தில்லியில் இந்தியா கேட் பக்கம் சென்று வரும் நம்மவர் பலரும் அதன் அருகிலுள்ள தேசிய விளையாட்டரங்கைக் கண்டிருப்பர். இன்று மேஜர் தியான் சந்தின் பெயரைத் தாங்கி நிற்கும் அவ்வரங்கில்தான் 1951 மார்ச்சு மாதத்தில் முதலாவது ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றது. 11 நாடுகள் கலந்துகொண்டன. விளையாட்டை விளையாட்டாகவே கருதி ஆடுங்கள் என்ற பொருள்பட நேரு வாழ்த்து வழங்கினார். ஆயினும் அந்த நன்னாளிலேயே அரசியல் வாயிற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. 1948 லண்டன் ஒலிம்பிக்கிற்கு அழைக்கப்படாத ஜப்பான் இங்கே அன்புடன் அழைக்கப்பட்டது. காஷ்மீர்ப் பிணக்கின் காரணமாகப் பாகிஸ்தான் வரவில்லை. அழைப்பும் அரசியலே, வாராமையும் அரசியலே.

பதினோராண்டுகள் கழித்து ஜகார்த்தாவில் நிகழ்ந்ததை நாம் சற்று விரிவாகவே நினைத்துப் பார்க்க வேண்டும். 1962ஆம் ஆண்டு நான்காம் ஆசிய விழாவை இந்தோனேசியா நடத்திற்று. மக்கள் சீனத்துடனும் அரபு நாடுகளுடனும் நட்புப் பூண்டிருந்த அவ்வரசு, தைவானுக்கும் இஸ்ரேலுக்கும் நுழைவு அனுமதி அளிக்கவில்லை. ஆசிய விழாவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான நம் நாட்டு ஜி. டி. சோந்தி, உறுப்பு நாடுகளை விலக்கிவிட்டு நடத்தும் விழாவுக்கு ஆசிய விழா என்ற பெயர் பொருந்தாது என்று வாதாடினார். விதியை நோக்கின் அவர் சொன்னது சரியே. ஆனால் ஜகார்த்தா மக்களின் செவிகளில் அது விதியின் குரலாக விழவில்லை. தங்கள் நாட்டை இந்தியா அவமதிப்பதாகவே விழுந்தது. செப்டம்பர் 3ஆம் நாள் பெருங்கூட்டம் ஒன்று நமது தூதராலயத்தைத் தாக்கிற்று.

மறுநாள் கால்பந்து இறுதியாட்டம். எதிரே தென் கொரியா. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் நிறைந்த அரங்கில் இந்தியர் பந்தைத் தொட்ட போதெல்லாம் ஏளனக் கூச்சல் எழுந்தது. பி. கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். முந்தைய ஆட்டத்தில் தலையில் காயமுற்றிருந்த ஜர்னெயில் சிங் மற்றொன்று போட்டார். நீலகிரியிலுள்ள வெல்லிங்டனின் மதராஸ் ரெஜிமெண்ட் நிலையத்துக்காக ஆடிப் பெயர் பெற்ற பீட்டர் தங்கராஜ் கோலைக் காத்தார். 2-1 என வென்று தங்கம் கொண்டுவந்தோம். அந்தப் பெருங்கூச்சலுக்கு நடுவே இந்தியாவுக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்று நமது ஆட்டக்காரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். எவர் பகைவர், எவர் நண்பர் என்று அரசாங்கங்கள் எழுதி வைத்த கணக்கு அன்று மாலை அந்த மைதானத்தில் செல்லுபடியாகவில்லை.

அதன் பின் நடந்தது சுருக்கமானது. சர்வதேச ஒலிம்பிக் குழு 1963இல் இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்தது. அரசியலையும் விளையாட்டையும் பிரிக்க இயலாது என்று வெளிப்படையாகவே அறிவித்த சுகர்ணோ, அவ்வாண்டு நவம்பரில் கனெஃபோ என்னும் போட்டி விழாவையே நடத்திக் காட்டினார். அதில் பங்கேற்ற வீரர்கள் சிலருக்கு 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம் மறுக்கப்பட்டது. இந்தோனேசியாவும் வட கொரியாவும் விலகின. சுகர்ணோ சொன்னதில் ஒரு நேர்மை இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மற்றவர் மறைத்துச் செய்ததை அவர் மறைக்காமல் சொன்னார். ஓடிப் பழகிய பிள்ளைகளுக்கு அதனால் யாதொரு பயனும் விளையவில்லை என்பது வேறு.

அப்படியாயின் அரசியல் என்றாலே தீங்குதானா? இங்கே நம் ஊர்க்காரர் இருவரின் கதை குறுக்கிடுகிறது. 1974ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பைப் பந்தயத்தில், சென்னையைச் சேர்ந்த ஆனந்த் அமிர்தராஜ், விஜய் அமிர்தராஜ் சகோதரர்கள் இடம்பெற்ற இந்திய அணி கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை வென்றது. புனேயில் சோவியத் நாட்டை வென்றது. இறுதியில் எதிர்ப்பட்டது தென்னாப்பிரிக்கா. நிறவெறியைச் சட்டமாகவே வைத்திருந்த அந்நாட்டுடன் விளையாடுவதில்லை என இந்தியா முடிவு செய்தது. இளமையும் திறமையும் உச்சத்தில் இருந்தவர்கள் ராக்கெட்டைக் கீழே வைத்தார்கள்.

இம்மறுப்பும் ஜகார்த்தாவின் மறுப்பும் ஒன்றல்ல என்பதே நம் கருத்து. தன் நாட்டுக் குடிமக்களையே தோலின் நிறம் பார்த்துத் தேசிய அணியிலிருந்து ஒதுக்கிய அரசு, விளையாட்டில் அரசியல் கூடாது என்று முறையிட இயலாது. அரசியலை மைதானத்துக்குள் கொண்டுவந்தது அதுவே. ஜகார்த்தாவிலோ, விருந்துக்கு அழைப்பதாக ஏற்றுக்கொண்ட வீட்டுக்காரர் சிலருக்கு மட்டும் கதவைச் சாத்தினார். ஆகவே அரசியல் இருக்கிறதா என்று கேட்பதைவிட, கதவு யாருக்கு எதனால் சாத்தப்படுகிறது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பது பயனுடையது.

விலை கொடுப்பவர் எப்போதும் ஆட்டக்காரர்தாம். அமிர்தராஜ் சகோதரர்கள் மீண்டும் ஓர் இறுதிப் பந்தயத்தை அடையப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 1987இல் சுவீடன் சென்று தோற்றுத் திரும்பினார்கள். தென்னாப்பிரிக்கா 1992 பார்சிலோனா விழாவில் ஒலிம்பிக்கிற்கு மீண்டது. டேவிஸ் கோப்பைப் பட்டியலில் மட்டும் 1974ஆம் ஆண்டுக்கு நேரே வென்ற நாடாக அதன் பெயர் இருக்கிறது. ஆட்டக் கணக்கு இல்லை.