கடற்கரையில் கிடைத்த ஆங்கிலம்!

சுட்டீஸ்! ஆங்கில வார்த்தைகளை மனப்பாடம் செய்து செய்து அலுத்துப் போச்சா? ராத்திரி படித்தது காலையில் மறந்து விடுகிறதா? கவலையை விடுங்கள். வார்த்தையை மட்டும் படித்தால் மறந்து போகும். அதன் கதையைத் தெரிந்து கொண்டால் மறக்கவே மறக்காது!

வாங்க, ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம் வரை ஒரு நடை போய் வருவோம்.

தீவுக்கே ஒருவர்!

முன்பெல்லாம் இந்தத் தீவில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு. அப்துல் கலாம் சிறுவனாக இருந்தபோது, தீவு முழுவதிலும் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தானாம். அவர் பெயர் ஜலாலுதீன். பின்னாளில் கலாமின் சகோதரியை மணந்தவர். யாருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றாலும் அவரிடம்தான் வருவார்களாம். கலாமே தம் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். ஜலாலுதீன் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த அந்தச் சிறுவன், விஞ்ஞானியாகி, நாட்டின் ஜனாதிபதியாகவும் ஆனார். 2015ல் மறைந்த அவரது நினைவிடம் தங்கச்சிமடத்தை ஒட்டிய பேக்கரும்பில்தான் இருக்கிறது.

ஒருவருக்குத் தெரிந்த மொழி ஊருக்கே உதவியது, பார்த்தீர்களா? இனி வார்த்தைகளுக்குப் போவோம்.

நாம் கொடுத்த வார்த்தை

மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிக் கடலில் போவதால் அது கட்டுமரம். சில நூற்றாண்டுகளுக்கு முன் நம் கடற்கரைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் அதை வியந்து பார்த்தார்கள். அவர்களுடைய மொழியில் அதற்குப் பெயர் இல்லை. நம் பெயரையே எடுத்துக் கொண்டு ‘கட்டமரான்’ என்றார்கள்! இன்று இரண்டு அடிப்பாகங்களை இணைத்துக் கட்டும் பெரிய நவீனப் படகுகளுக்கும் உலகம் முழுவதும் அதே பெயர்தான்.

‘மேங்கோ’வும் அப்படித்தான். நம் மாங்காய், மலையாளத்தில் மாங்கா. அது போர்த்துக்கீசியர் வாயில் ‘மங்கா’ ஆகி, ஆங்கிலத்தில் மேங்கோ ஆனது. நம் கறிதான் ‘கரி’. நம் சுருட்டுதான் ‘செரூட்’. நம் வீட்டுப் பிள்ளைகளே சட்டை மாற்றிக் கொண்டு வந்து நின்றால் பயப்படுவோமா?

பாம்பைப் போல் சுருண்ட புயல்

‘சைக்ளோன்’ என்றால் புயல். 1848ல் இந்த வார்த்தையை உருவாக்கியவர் ஹென்றி பிடிங்டன். கப்பல் கேப்டனாக இருந்து, பிறகு கல்கத்தாவில் தங்கி விட்டவர். புயல் காற்று நேராக அடிப்பதில்லை, சுழன்று சுழன்று அடிக்கிறது என்பதைக் கவனித்தார். சுருண்டு கிடக்கும் பாம்பு ஞாபகத்துக்கு வந்தது. கிரேக்க மொழியிலிருந்து இந்தப் பெயரை அமைத்தார்.

அந்தக் கிரேக்கச் சொல்லின் வேர், வட்டம் என்று பொருள்படும். உங்கள் ‘சைக்கிள்’ பிறந்ததும் அதே வேரில்தான். ‘ட்ரை’ என்றால் மூன்று. அப்படியானால் ‘ட்ரைசைக்கிள்’? மூன்று சக்கர வண்டி. ஒரு வேர் தெரிந்தால் மூன்று வார்த்தை நம் கையில்!

இந்தத் தீவுக்கு அந்த வார்த்தை வெறும் பாடமல்ல. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அங்கே வந்து கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் அலை கொண்டு போனது. அதனால்தான் பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் இன்றும் மீனவர்கள் படகைக் கரையில் கட்டி விடுகிறார்கள். எச்சரிக்கைக்கு ஆங்கிலத்தில் ‘வார்னிங்’. ‘சைக்ளோன் வார்னிங்’ என்று எங்கே கேட்டாலும் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

தூக்கும் பாலம்

1914ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம், கப்பல் வரும்போது இரண்டு கைகளைப் போல மேலே விரிந்தது. 2025 ஏப்ரல் 6ல் திறந்த புதிய பாலத்திலோ, 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. இந்தத் தூக்குதலுக்கு ‘லிஃப்ட்’ என்று பெயர். பெரிய கட்டடத்தில் ஆளைத் தூக்குவதும் லிஃப்ட். பளு தூக்குவது ‘வெயிட் லிஃப்டிங்’. பைக்கில் போகும் மாமாவிடம் கேட்பதும் லிஃப்ட்தான்!

மல்லிகை மணக்குது

தங்கச்சிமடத்தில் மீன் மட்டுமா? மல்லிகை நாற்றுக்கும் பேர்போன ஊர் இது. இங்கிருந்து வெளியூர்களுக்கெல்லாம் நாற்று போகிறது. மல்லிகைக்கு ஆங்கிலத்தில் ‘ஜாஸ்மின்’. பாரசீகத்தின் ‘யாஸ்மின்’ ஊர் ஊராகப் போய் ஜாஸ்மின் ஆனது. நாற்று ஊர் மாறி வேர் பிடிப்பது போல, வார்த்தையும் மொழி மாறி வேர் பிடிக்கிறது.

நீங்களும் செய்யலாம்

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுங்கள். தினமும் மூன்றே வார்த்தை. ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் கதையைத் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். கதை தெரியவில்லையா? உங்கள் வீட்டில், தெருவில் நடந்த ஒன்றையே கதையாக்குங்கள். பிறகு அந்த வார்த்தையை வைத்துச் சொந்தமாக ஓர் ஆங்கில வாக்கியம். ‘ஐ லைக் மேங்கோ’ என்ற அளவு போதும். தப்பு வந்தால் வரட்டும், டீச்சரிடம் காட்டித் திருத்திக் கொள்ளுங்கள்.

மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். தொண்ணூறு வார்த்தை சேர்ந்திருக்கும். அப்புறம் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால், படித்துச் சொல்ல உங்களைத்தான் தேடுவார்!