தேயிலைப் பெட்டிப் பலகையும் கரண்ட் சூட்டில் ஒட்டிய பலகையும்

உங்கள் வீட்டில் பழைய தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றாவது இருக்கிறதா? கொஞ்சம் தேடிப் பாருங்கள். சாமிப்படம் வைத்த தட்டு, அரிசிப் பெட்டியின் மூடி, கோழிக்கூட்டுக் கதவு, அடுப்படிக்கும் காம்பராவுக்கும் நடுவில் நிற்கும் மறைப்பு என்று எங்காவது ஒரு மூலையில் இருக்கும். திருப்பிப் பார்த்தால் கறுப்பு மையில் தோட்டத்தின் பெயர், இலக்கம், பி.ஓ.பி. என்ற எழுத்துகூட மங்கலாகத் தெரியும். எங்கள் பாட்டி விட்டுப்போன ஒன்று இன்னும் எங்கள் இஸ்தோப்பில் இருக்கிறது. ஓரம் தேய்ந்து விட்டது. ஆனால் தட்டுத் தட்டாகப் பிரியவில்லை.

பக்கத்திலேயே நாங்கள் கடையில் வாங்கிய அலுமாரி நிற்கிறது. வாங்கும்போது கடைக்காரர் சொன்னார்: "இது மெஷின்ல கரண்ட் சூடு குடுத்து ஒட்டினதுங்க, தண்ணி பட்டாலும் ஒன்னும் ஆகாது." இறம்பொடை மழையும் மூட்டமும் உங்களுக்குத் தெரியும். துணி காய நாலு நாள் பிடிக்கும் ஊர். இரண்டாவது மழைக்காலத்தில் அலுமாரியின் கீழ்ப்பக்கம் அப்பளம்போல உப்பி, மேல்தாள் கழன்று வந்தது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக் கட்டிய காசு!

அந்தக் கோபத்தில்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன், தெரிந்த தச்சு பாஸ்மாரிடமும் கேட்டேன். கடைக்காரர் முழுப்பொய் சொல்லவில்லை. கரண்ட் சூட்டில் மரம் ஒட்டுவது உண்மையான தொழில். தண்ணி பட்டாலும் ஒன்னும் ஆகாது என்றாரே, அதுதான் பொய்.

முதலில் பெட்டிக் கதை. மரத்தை உருளையாக வைத்துச் சுழற்றி, அகலமான கத்தியால் கடதாசிச் சுருள்போல மெல்லிசாகச் சீவி எடுப்பார்கள். அந்தத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக, ஒன்றின் நார் நீளவாக்கில் ஓடினால் அடுத்ததின் நார் குறுக்காக ஓடும்படி, பசை தடவி அடுக்கி அழுத்தினால் ஒட்டுப்பலகை. நார் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் வெடிக்காது, அவ்வளவு சுலபமாகக் கோணாது. மெல்லிசான பலகையிலே செய்த பெட்டி ஏறக்குறைய 50 கிலோ தேயிலையைச் சுமந்து கப்பலேறியது அதனால்தான்.

அந்தக் காலத்தில் பெட்டிகள் வெளிநாட்டிலிருந்து வந்தன. வெனெஸ்டா என்ற பெயரைப் பழைய ஸ்டோர் ஆட்கள் கேட்டிருப்பார்கள். அது 1890 களின் பிற்பகுதியில் லண்டனில் தொடங்கிய கம்பெனி. எஸ்தோனியா நாட்டுத் தாலின் நகரத்திலிருந்த லூதர் தொழிற்சாலையின் ஒட்டுப்பலகையை விற்றது. (1907 முதல் 1909 வரை தென்துருவப் பயணம் போன ஷாக்கில்டனின் ஆட்கள் சாமான் வந்த வெனெஸ்டா பெட்டிகளைப் பிரித்துத் தங்கள் குடிசைக்குத் தட்டும் மேசையும் செய்தார்கள்; அங்கேயே அச்சடித்த புத்தகத்துக்கு அந்தப் பலகையையே அட்டையாகப் போட்டார்கள். நம் லயத்து மூளையும் பனிக்கட்டி நாட்டு மூளையும் ஒன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது!) இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்துத் தடைப்பட்டபோது, காலிக்குப் பக்கத்தில் ஜிந்தோட்டையில் அரசாங்கம் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை நடத்தியது. பின்னர் அது ஒட்டுப்பலகைக் கூட்டுத்தாபனத்தின் கீழ் வந்தது. கொஸ்கமவிலும் ஒரு தொழிற்சாலை எழுந்தது. அதற்கு மரம் வேண்டுமென்று 1970 களின் தொடக்கத்தில் சிங்கராஜ வனத்துக்குள் இயந்திரங்களோடு போனார்கள். மக்கள் எதிர்ப்புக் கிளம்பி 1977 இல் வெட்டு நின்றது. 1988 இல் அந்தக் காடு உலக மரபுரிமையானது. 1980 களின் பிற்பகுதியிலிருந்து தேயிலை கடதாசிச் சாக்குகளுக்கு மாறவே, பெட்டியும் மெல்ல மறைந்தது.

இனி சூட்டுக்கு வருவோம்.

பசை காய்வதற்குச் சூடு வேண்டும். பழைய வச்சிரப் பசையும் பாலிலிருந்து எடுத்த கேசீன் பசையும் சும்மா அழுத்தி வைத்தாலே காயும், ஆனால் ஈரத்தைக் கண்டால் இளகும், பூஞ்சணம் பிடிக்கும். அதற்குப் பிறகு இரசாயனப் பசைகள் வந்தன. அதில் முக்கியமான ஒன்று யூரியாவும் போமல்டிஹைட்டும் சேர்ந்தது. ஆமாம், நாம் மலையில் தேயிலைக்குத் தூவுகிறோமே, அதே யூரியாதான்! 1937 இல் இங்கிலாந்தில் நோர்மன் டி புரூயின் என்பவர் விமானங்களின் மரப் பாகங்களை ஒட்ட இந்த வகைப் பசையைக் கொண்டுவந்தார். இந்தப் பசை ஏறக்குறைய 100 பாகை வெப்பத்தில் சட்டென்று கெட்டியாகும். சூடு இல்லாவிட்டால் மணிக்கணக்கில் இறுக்கிக் கட்டிவைத்துக் காத்திருக்க வேண்டும்.

அந்தச் சூட்டை எப்படிக் கொடுப்பது? வழக்கமான முறை, நீராவி ஓடும் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் பலகையை வைத்து அழுத்துவது. தேயிலைப் பெட்டிப் பலகைபோல மெல்லிசானதற்கு இது போதும். தடிப்பான பலகைக்கு என்ன ஆகும்? ரொட்டியை நினைத்துப் பாருங்கள். மெல்லிசாகத் தட்டினால் உள்ளேயும் வேகும். அவசரத்தில் தடிப்பாகத் தட்டிப் போட்டால் வெளியே கருகும், நடுவில் மாவு பச்சையாக இருக்கும். மரம் சூட்டைக் கடத்துவதில் படு சோம்பேறி. அகப்பைக்கு மரக் காம்பு போடுவது அதனால்தானே? தடிப்பு இரண்டு மடங்கானால் நடுவுக்குச் சூடு போகும் நேரம் சுமார் நான்கு மடங்காகும். நடுப் பசை வேகும்வரை வைத்தால் வெளிப்பக்கம் காய்ந்து வெடிக்கும். அவசரமாக எடுத்தால் நடுவில் பச்சைப் பசை. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆறு மாதத்தில் தானாகத் தெரியும்.

இங்கேதான் உயர் அதிர்வெண் மின்சாரம் வருகிறது. வீட்டுக் கரண்ட் ஒரு நொடியில் 50 தடவை முன்னும் பின்னும் மாறுகிறது. மரம் ஒட்டும் இயந்திரத்தில் ஒரு நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் தடவை, அல்லது 2 கோடியே 71 லட்சத்து 20 ஆயிரம் தடவை மாறும். 13.56, 27.12 மெகாஹேர்ட்ஸ் என்று இயந்திரத்தில் எழுதியிருக்கும். பழைய ரேடியோவில் சிற்றலை என்று ஒன்று இருக்குமே, ஏறக்குறைய அந்த வட்டாரம்.

இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் பசை தடவிய மரம். தகடுகள் சூடாவதில்லை. தண்ணீரின் மிகச்சிறிய அணுக்கூட்டத்துக்கு ஒரு பக்கம் நேர் மின்சாரம், மறுபக்கம் எதிர் மின்சாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகட்டில் மின்சாரம் மாற மாற, அது பள்ளிக்கூட உடற்பயிற்சிபோல "வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு" என்று கோடித் தடவை திரும்பப் பார்க்கும். பக்கத்திலுள்ளவற்றோடு உராயும். விடிகாலை மூட்டத்தில் பிரட்டுக் களத்தில் நின்று உள்ளங்கைகளைத் தேய்க்கிறோமே, அந்தச் சூடுதான் இதுவும். ஒரே வித்தியாசம், சூடு வெளியிலிருந்து உள்ளே போகவில்லை, உள்ளுக்குள்ளேயே பிறக்கிறது. நடுப்பகுதியும் மேல்பகுதியும் சேர்ந்தே வேகும். பணக்கார வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் இதன் தம்பிதான், அதில் நொடிக்கு 245 கோடித் தடவை.

காய்ந்த மரத்தில் தண்ணீர் குறைவு, பசையில் தண்ணீரும் உப்பும் அதிகம். ஆகவே பசைதான் கூடுதலாகச் சூடேறும். தகடுகளை மேலும் கீழும் வைத்து, பசைக் கோடுகள் ஒரு தகட்டிலிருந்து மற்றத் தகட்டுக்கு நிமிர்ந்து நிற்கும்படி அமைத்தால் சூட்டின் பெரும்பங்கு பசைக் கோட்டிலேயே இறங்கும். மரம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பசை வெந்து முடிந்துவிடும். மணிக்கணக்கில் ஆன வேலை சில நிமிடத்தில், சிலசமயம் ஒரு நிமிடத்துக்குள் முடியும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மர விமானப் பாகங்களை அவசரமாக ஒட்ட வேண்டி வந்தபோதுதான் இந்த முறை வேகமாக வளர்ந்தது. மரத்தாலான மொஸ்கிட்டோ விமானம் 1940 நவம்பரில் முதன்முதல் பறந்தது. 1944 இல் இந்தியாவின் வெயிலிலும் மழையிலும் நின்ற சில மொஸ்கிட்டோக்களில் ஒட்டு விட்டு இறக்கை பிரிந்து விபத்தானது. மோசமான ஒட்டு வேலையும், மரம் சுருங்கி விரிந்ததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. உயிர் போகிற விமானத்திலேயே இப்படி என்றால் நம் அலுமாரி எம்மாத்திரம்!

இன்று இந்த முறையை அதிகம் பார்ப்பது வளைந்த கதிரை முதுகுகள், தடித்த மேசைப் பலகைகள், அதைவிட றப்பர் மரப் பலகைகளில். பால் எடுத்து முடிந்த றப்பர் மரத்தைச் சின்னச் சின்னச் சட்டங்களாக அறுத்து, முனைகளை விரல் கோத்ததுபோல் சீவி இணைத்து, பக்கம் பக்கமாக ஒட்டிப் பெரிய பலகையாக்குகிறார்கள். ஒருகாலத்தில் விறகுக்குப் போன மரம் இப்போது மேசையாகிறது. கடையில் "பிங்கர் ஜொயின்ற்" என்று சொல்வது இதைத்தான்.

இப்போது கடைக்காரர் பேச்சுக்குத் திரும்புவோம். சூடு பசையை வேக வைக்கும், அவ்வளவுதான். வெந்த பசை ஈரத்தைத் தாங்குமா என்பது பசையின் சாதியைப் பொறுத்தது. யூரியாப் பசை மலிவு, நிறமில்லை, கரண்ட் சூட்டுக்கு நன்றாக ஒத்துழைக்கும். ஆனால் நீடித்த ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதையும். வெள்ளைத் தச்சுப் பசையும் நீரில் இளகும். மழைக்கும் கொதிநீருக்கும் நிற்பது பீனோல் பசை, கரும்பழுப்பு நிறம். அதில் காரம் அதிகம், உயர் அதிர்வெண் மின்சாரத்தில் தீப்பொறி பறக்கும். ஆகவே அதைப் பெரும்பாலும் நீராவித் தட்டில்தான் ஒட்டுகிறார்கள். ஆக, "கரண்ட் சூட்டில் ஒட்டினது" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அநேகமாக அது வீட்டுக்குள் காய்ந்த இடத்தில் வைக்க வேண்டிய பலகை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது அறுத்த ஓரத்தைப் பாருங்கள். கரும்பழுப்புக் கோடுகள் தெரிந்தால் பீனோலாக இருக்கலாம். வெளிறிய கோடு என்றால் யூரியா, அல்லது அதைவிடக் கொஞ்சம் தாங்கும் மெலமைன் கலந்தது. இந்தியப் பலகையில் முத்திரை இருக்கும். ஐ.எஸ். 303 என்பதோடு எம்.ஆர். என்றிருந்தால் வீட்டுக்குள் பாவிக்கும் ரகம், பி.டபிள்யூ.ஆர். என்றால் ஈரத்தை ஓரளவு தாங்கும். ஐ.எஸ். 710 தான் 72 மணிநேரம் கொதிநீரில் வைத்துப் பார்க்கும் ரகம். முத்திரையையும் நம்ப முடியாவிட்டால் கைப்பிடியளவு வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி, இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் நகத்தால் ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். துண்டு தர மறுக்கும் கடையில் நான் இப்போது வாங்குவதில்லை. விரலை மடக்கிப் பலகை முழுவதும் தட்டிப் பார்ப்பதும் நல்லது. நடுவில் பசை பிடிக்காத இடத்தில் ஓசை பொத்தலாகக் கேட்கும். பலகைத் தூளை அழுத்திச் செய்த ரகங்களுக்கு இறம்பொடை ஈரம் எமன். வேறு வழியில்லாமல் வாங்கினால் அடியில் கட்டை கொடுத்துச் சீமெந்துத் தரையிலிருந்து தூக்கி, சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். அறுத்த ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் பெயின்ற் அடியுங்கள். ஈரம் நுழைவது முகத்தால் அல்ல, ஓரத்தால்.

நம் பிள்ளைகள் கொழும்புப் பக்கமும் வெளிநாட்டிலும் தளபாடத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அந்தத் தகடுகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஓடும். தொட்டால் அடிப்பது மட்டுமல்ல, சதையை உள்ளாகச் சுடும். சுற்றியுள்ள உலோகத் தடுப்பு சரியில்லாமல் கதிர் கசிந்தால், தோலுக்குத் தெரியாமலே உடம்பின் உள்ளே சூடேறலாம். கதவைத் திறந்தால் தானாக நிற்கும் சுவிட்சை, வேலை வேகமாக ஓட வேண்டுமென்று கம்பி கட்டி வைக்கச் சொன்னால் கேட்கக்கூடாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் வேண்டாம். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. மரத்தில் ஓர் ஆணி இருந்தாலும், ஈரம் கூடிய சட்டம் ஒன்று கலந்தாலும், பசை வழிந்து தகட்டில் பட்டாலும் தீப்பொறி பறந்து பலகை எரியும்.

இன்னொன்று, இது அடுப்படிக்காரர்களுக்கு. புது அலுமாரி வந்ததும் கண்ணெரிகிற மாதிரி ஒரு வாடை அடிக்குமே, அது பசையிலிருந்து வரும் போமல்டிஹைட்டு. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் தேயிலைப் பெட்டிக்கு வாடையில்லாத பசையே வேண்டுமென்று பார்த்தார்கள். மனிதர் தூங்கும் காம்பராவுக்கு அந்தக் கவனம் எப்போதும் கிடைப்பதில்லை. ஒரே ஜன்னல் உள்ள லயத்துக் காம்பராவில் கைக்குழந்தையைப் படுக்க வைத்திருந்தால், புதுச் சாமானைச் சில நாள் இஸ்தோப்பில் கதவு திறந்து வைத்துவிட்டுப் பிறகு உள்ளே எடுங்கள். உடைந்த பலகைத் துண்டுகளை விறகோடு சேர்த்து அடுப்பில் வைக்காதீர்கள், அந்தப் புகையில் பசையும் பெயின்ற்றும் எரிகிறது. பழைய பெட்டிப் பலகைக்கும் இதே பேச்சுத்தான். எங்கள் பாட்டியின் பலகை அடுப்புக்குப் போகாமல் இஸ்தோப்பிலேயே நிற்கிறது, அதன்மேல் இப்போது செருப்பு வைக்கிறோம்.