குறைந்த செலவில் எல்.இ.டி மேடை விளக்குகளைத் தேர்தல்: சிறு அரங்குகளும் நடிகர் முகமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நாடகக் குழுக்கள் பலவும் பள்ளிக் கூடங்கள், சமுதாயக் கூடங்கள், திறந்தவெளித் திடல்கள் ஆகிய சிறு அரங்குகளிலேயே இயங்குகின்றன. இவ்விடங்களில் ஆலசன் விளக்குகளின் இடத்தை எல்.இ.டி விளக்குகள் பிடித்துவருகின்றன. மலிவான எல்.இ.டி விளக்கை வாங்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும், விளம்பரத்தில் காணப்படும் எண்கள் எதைச் சொல்கின்றன, எதை மறைக்கின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நடிகரின் முகம் அவையோருக்கு எவ்வாறு தெரிகிறது என்பதே தேர்வின் முதல் அளவுகோலாக வேண்டும் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: மேடை ஒளியமைப்பு, எல்.இ.டி, நிறங்காட்டும் திறன், சிறு அரங்கு, தெருக்கூத்து, நவீன நாடகம்

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அரங்கின் அளவைக் கூறுகையில் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என வரையறுக்கிறது. மூவகை எழினிகளையும் அது குறிப்பிடுகிறது. அதே பகுதியில் விளக்கைப் பற்றிய செய்தியும் உண்டு. தூண்களின் நிழல் ஆடுமிடத்திலிருந்து விலகிப் புறத்தே விழும்படி விளக்கு நிறுத்தப்பட வேண்டும் என்பதே அது. விளக்கின் அழகைவிட அது தரும் நிழலைப் பற்றிய கவலை அங்கு முதன்மை பெறுகிறது. இன்று கடைகளில் விற்கப்படும் மேடை விளக்குகளைப் பார்க்கும்போது இக்கவலை நினைவுகூரத்தக்கது. ஏனெனில் அங்கு விளக்கின் வண்ண ஜாலமே காட்டப்படுகிறது. அவ்வொளியில் மனித முகம் எப்படித் தெரியும் என்பது காட்டப்படுவதில்லை.

தீப்பந்தம், எண்ணெய் விளக்கு, பெட்ரோமாக்ஸ், டங்ஸ்டன் இழை விளக்கு என்ற வரிசையில் தமிழ் அரங்கு கண்ட ஒளிமூலங்கள் யாவும் வெப்பத்தால் ஒளிர்ந்தவை. அவற்றின் நிறமாலை சிவப்பு முதல் ஊதா வரை இடையறாது தொடர்வது. குழல்விளக்கு கூத்துக் களத்துக்கு வந்தபோது இத்தொடர்ச்சி முதன்முறையாக அறுபட்டது. எல்.இ.டி அதை வேறொரு வகையில் அறுக்கிறது. மாற்றத்தின் பொருளாதார நியாயம் மறுக்க இயலாதது. 500 வாட்டு ஆலசன் பார் விளக்குகள் எட்டினை ஒருசேர எரித்தால் 4000 வாட்டு மின்திறன் வேண்டும். 230 வோல்ட்டில் அது 17 ஆம்பியருக்கு மேல். சமுதாயக் கூடத்தின் 15 ஆம்பியர் இணைப்பு ஒன்று அதைத் தாங்காது. 100 வாட்டு ஈர்க்கும் எல்.இ.டி விளக்குகள் எட்டுக்கு 3.5 ஆம்பியரே போதும். மேலும், சித்திரை மாதத்தில் கூரை தாழ்ந்த கூடமொன்றில் நான்கு கிலோவாட்டு வெப்பத்தின் கீழ் நின்று வசனம் பேசியவர்களுக்கு வேறு சான்று தேவையில்லை.

வாட்டு என்னும் மயக்கம்

மலிவு விளக்குகளின் பெட்டிமேல் 54 பெருக்கல் 3 வாட்டு என்பதைப் போன்ற குறிப்புகள் காணப்படும். பெருக்கினால் 162 வாட்டு வரும். இது சில்லுகளின் பெயரளவுத் திறனேயன்றி விளக்கு உண்மையில் ஈர்க்கும் மின்திறன் அன்று. வெப்பத்தை வெளியேற்றும் வசதி குறைந்த உடலமைப்பில் சில்லுகளை முழுத்திறனில் இயக்க முடியாது என்பதால், உற்பத்தியாளர் மின்னோட்டத்தைக் குறைத்தே வைக்கிறார். ஆகவே விளக்கின் பின்புறத் தகட்டில் குறிக்கப்பட்டுள்ள மொத்த மின்நுகர்வைப் பார்ப்பது நலம். அதனினும் நம்பத்தக்கது, குறிப்பிட்ட தொலைவில் இத்தனை லக்ஸ் என்னும் அளவு. ஆயினும் லக்ஸ் அளவு ஒளிக்கற்றையின் விரிகோணத்தைச் சார்ந்தது. குறுகிய கோணத்தில் அளந்த எண் எப்போதும் பெரிதாகவே இருக்கும்.

விரிகோணத்தைக் கணக்கிடுவது எளிது. 25 பாகைக் கற்றை 4 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1.8 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை ஒளியூட்டும். 40 பாகைக் கற்றை அதே தொலைவில் 2.9 மீட்டர் வட்டத்தைத் தரும். பெரிய கச்சேரி மேடைகளுக்கென உருவான மலிவு விளக்குகள் பெரும்பாலும் குறுகிய கோணமுடையவை. அவற்றைச் சிறு அரங்கில் தொங்கவிட்டால், நடிகர் ஓரடி நகர்ந்ததும் வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் போய்விடுவார். பனிப்படலத் தாள் எனத்தக்க ஒளிபரப்பும் தாளை விளக்கின் முன் பொருத்தினால் இக்குறை பெருமளவு தீரும். செலவும் மிகக் குறைவு. தொலைவு கூடும்போது ஒளி அதன் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதும் கருதத்தக்கது. 4 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்கு விளக்கை நகர்த்தினால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். எனவே கூடத்தைக் காணாமல் விளக்கு வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போன்றதே.

முகமும் நிறமும்

சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று சில்லுகளைக் கலந்து வெண்மை உண்டாக்கும் விளக்குகளே சந்தையில் மலிவானவை. வெண்திரையில் அவ்வெண்மை குறையின்றித் தோன்றும். பொருள்களின் மீது விழும்போதுதான் வேறுபாடு புலப்படும். மூன்று சில்லுகளும் நிறமாலையின் மூன்று குறுகிய பட்டைகளை மட்டுமே தருகின்றன. இடைப்பட்ட மஞ்சள், செம்மஞ்சள் பகுதிகள் ஏறக்குறைய வெறுமையாக உள்ளன. அப்பகுதி ஒளியைத் திருப்பியனுப்பியே தம் நிறத்தைக் காட்டும் பொருள்கள் இவ்வொளியில் தம் இயல்பை இழக்கின்றன. அவற்றுள் முதன்மையானது மனிதத் தோல்.

பழுப்பு நிறத் தோல் நீல ஒளியைக் குறைவாகவும், சிவப்பை நோக்கிச் செல்லச்செல்ல மிகுதியாகவும் திருப்பியனுப்பும் தன்மையது. ஆழ்சிவப்புப் பகுதி குறைந்த மலிவான குளிர்வெண்மை விளக்கின் கீழ் அத்தோல் சாம்பல் பூத்தது போலவோ பசுமை படர்ந்தது போலவோ தெரியும். கன்னத்தின் மேடும் கண்ணின் குழிவும் ஒன்றாகிவிடும். நடிகர் என்ன செய்தாலும் அவையோர் அதைக் காண இயலாது. நிறங்குறைந்த தோலைச் சராசரியாகக் கொண்டு எழுதப்பட்ட அயல்நாட்டுக் கையேடுகளின் பரிந்துரைகளைத் தமிழ் அரங்கு அப்படியே பின்பற்ற முடியாமைக்கு இது ஒரு காரணம்.

நிறங்காட்டும் திறனை அளக்கும் சி.ஆர்.ஐ என்னும் குறியீடு இங்குப் பயன்படும். ஆயினும் அதன் குறையை அறிந்தே பயன்படுத்த வேண்டும். பொதுக் குறியீடு எட்டு மென்னிறங்களின் சராசரியே. அடர்சிவப்பைச் சோதிக்கும் ஆர்9 அச்சராசரியில் சேர்வதில்லை. அதனால் சி.ஆர்.ஐ 80 எனக் குறிக்கப்பட்ட விளக்கொன்றின் ஆர்9 மதிப்பு சுழியை ஒட்டியும் இருக்கலாம். 99 நிற மாதிரிகளைக் கொண்ட டி.எம்-30 முறை இதனினும் செம்மையானது. எனினும் மலிவு விளக்குகளின் விவரத்தாளில் அதைக் காண்பது அரிது. முகத்துக்கு ஒளியூட்டும் விளக்குக்குச் சி.ஆர்.ஐ 90க்கு மேலும், நிற வெப்பநிலை 3000 முதல் 3200 கெல்வின் வரையிலும் இருப்பது நன்று. 3200 கெல்வின் என்பது மேடை ஆலசன் விளக்கின் வெப்பநிலையாதலால், பழைய விளக்குகளோடு கலந்து பயன்படுத்தவும் இடமுண்டு.

தெருக்கூத்தில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது. கட்டை வேடத்தின் கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகளும் வண்ணத் தாள்களும் பந்தத்தின் அசையும் ஒளியில் மின்னுவதற்கென அமைந்தவை. முகத்திலிடும் சிவப்பும் மஞ்சளும் வெம்மையான ஒளிக்கேற்ப வளர்ந்தவை. மூவண்ணச் சில்லு ஒளியில் அரிதாரச் சிவப்பு அளவுக்கு மீறிக் கனன்று தெரியலாம். குளிர்வெண்மையில் அதே சிவப்பு பழுப்பாக மங்கலாம். வேடத்தின் பொருளை நிறத்தால் அறியும் அவைக்கு இது அழகியல் குறை மட்டுமன்று, பொருட்குறையும் ஆகும்.

எதை முதலில் வாங்குவது

ஒளியமைப்பு முறையியலில் 1932ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்டான்லி மெக்கேண்டிலெஸின் நூல் இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. மேடையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இருபுறமிருந்தும் 45 பாகைச் சாய்வில் வெம்மையும் குளிர்மையுமான இரு விளக்குகளை இடுவது அம்முறை. 18 அடி அகலமும் 15 அடி ஆழமும் உடைய மேடையை ஆறு பகுதிகளாகப் பிரித்தால் முன்னொளிக்கு மட்டுமே பன்னிரண்டு விளக்குகள் தேவைப்படும். பெரும்பாலான குழுக்களுக்கு அது எட்டாத எண்.

ஆகவே முறையைச் சுருக்க வேண்டியுள்ளது. நடிப்பு நிகழும் இடத்தை மூன்று பகுதிகளாகக் கொண்டு, முன்னொளிக்கு நான்கு முதல் ஆறு வெம்மை வெண்மை எல்.இ.டி விளக்குகளை முதலில் வாங்குவது தக்கது. ஒற்றைப் பெருஞ்சில்லு உடைய விளக்குகள் இதற்கு ஏற்றவை. அவை பல நிழல்களை உண்டாக்குவதில்லை. அடுத்த கட்டமாகப் பின்னொளிக்கும் பக்கவொளிக்கும் நான்கு வண்ண விளக்குகள் போதும். அவற்றில் மூவண்ணத்துடன் வெண்மைச் சில்லும், இயலுமாயின் அம்பர்ச் சில்லும் இருப்பது நன்று. நடைமுறையில் குழுக்கள் இதற்கு நேர்மாறாகச் செய்வதே மிகுதி. கடையில் வண்ணம் மாறி மாறி ஓடும் விளக்கு கண்ணைக் கவர்கிறது; எட்டு வண்ண விளக்குகள் வாங்கப்படுகின்றன; பிறகு அவற்றின் கலப்பு வெண்மையைக் கொண்டே முகத்துக்கும் ஒளியூட்ட நேர்கிறது. சுழலும் தலை விளக்குகள் சிறு நாடக அரங்குக்கு வேண்டுவன அல்ல.

இயங்கும் ஆலசன் விளக்குகளை ஏற்கெனவே வைத்திருந்து, ஆண்டுக்கு நான்கைந்து நிகழ்த்துதல்களே நடத்தும் குழு, அவற்றைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. முகத்துக்கு ஆலசனும் வண்ணத்துக்கு எல்.இ.டியும் என்ற கலப்பு முறை சிக்கனமானது. ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு. ஆலசனுக்கான டிம்மர் பெட்டியின் வழியே எல்.இ.டி விளக்குக்கு மின்சாரம் தரலாகாது. அதன் உள்மின்சுற்று பழுதாகிவிடும். நேர் இணைப்பு கொடுத்து, டி.எம்.எக்ஸ் வழியாகவே மங்கச் செய்ய வேண்டும்.

மங்குதல், ஓசை, கட்டுப்பாடு

நாடகத்தில் ஒளி எவ்வாறு அணைகிறது என்பது எவ்வாறு எரிகிறது என்பதற்கு நிகரானது. டங்ஸ்டன் இழை மெல்லக் குளிர்ந்து செம்மை பூத்து அணையும். எல்.இ.டிக்கு அத்தன்மை இல்லை. எட்டு பிட் கட்டுப்பாட்டில் முழு ஒளிக்கும் இருளுக்கும் இடையே 256 படிகளே உள்ளன. உச்சத்தில் ஒரு படி இறங்குவது தெரியாது. அடிமட்டத்தில் ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் துள்ளலாகத் தெரியும். பத்து வினாடியில் மெல்ல அணைய வேண்டிய இறுதிக் காட்சி படிக்கட்டில் இறங்குவது போலாகிவிடும். 16 பிட் விளக்குகளில் படிகள் 65,536 ஆகும். இவ்வசதி இல்லாத விளக்கிலும், உள்மின்சுற்று படிகளுக்கிடையே மென்மையாக்கம் செய்யுமாயின் குறை பெரிதும் மறையும்.

எல்.இ.டியின் ஒளியைக் குறைக்கப் பெரும்பாலும் அதை மிக வேகமாக அணைத்து எரிக்கும் முறையே கையாளப்படுகிறது. அவ்வேகம் குறைந்த விளக்குகளில் ஒளிப்பதிவுக் கருவி பட்டைபட்டையாகக் கருங்கோடுகளைப் பதியும். நிகழ்த்துதலின் காணொளியே ஆவணமாகவும் ஆய்வுத் தரவாகவும் எஞ்சும் சூழலில் ஆய்வாளர்க்கும் இது தொடர்புடைய செய்தி.

ஒலிவாங்கி இன்றிப் பேசும் நாடகத்தில் விளக்கின் விசிறி ஓசையும் கணக்கில் கொள்ளத்தக்கது. பத்து விசிறிகள் சேர்ந்து எழுப்பும் இரைச்சல் ஒரு மௌனத்தைக் கெடுத்துவிடும். விசிறியற்ற விளக்கு எடை மிகுந்தது, விலையும் சற்றுக் கூடியது; எனினும் உரையாடல் நாடகங்களுக்கு அதுவே பொருந்தும். மேலும் விசிறி தூசியை உள்ளிழுப்பது. திடல்களில் முதலில் பழுதாவதும் அதுவே. திறந்தவெளிக்கு ஐ.பி.65 தரமுள்ள மூடிய உடலமைப்பு வேண்டும்.

50,000 மணி நேர ஆயுள் என்னும் விளம்பரத்தையும் இவ்விடத்தில் நோக்கலாம். சில்லின் ஒளி தொடக்க அளவில் 70 விழுக்காடாகக் குறைய ஆகும் காலத்தையே அவ்வெண் பொதுவாகக் குறிக்கும். மின்வழங்கிப் பலகையும் விசிறியும் அதற்கு வெகு முன்னரே பழுதாகலாம். அவற்றுக்கு உதிரிப்பாகம் அருகிலுள்ள ஊரில் கிடைக்குமா என்பது விலையினும் முக்கியமான வினா. மின்னாக்கி கொண்டு நிகழ்த்தும் குழுக்கள் 100 முதல் 240 வோல்ட்டு வரை ஏற்கும் விளக்குகளை நாடுவது பாதுகாப்பானது.

டி.எம்.எக்ஸ் 512 முறையில் ஒரு வடத்தொடர் 512 அலைவரிசைகளை ஏந்தும். ஒரு விளக்கு 8 அலைவரிசைகளைக் கொள்ளுமாயின் முதல் விளக்குக்கு 1, அடுத்ததற்கு 9, அதற்கடுத்ததற்கு 17 என முகவரி தரப்படும். பன்னிரண்டு விளக்குகளுக்கு 96 போதும். ஒலிவாங்கி வடமும் மும்முனைச் செருகி உடையதாதலால் அதையே இதற்கும் பயன்படுத்தும் வழக்கம் பரவலாக உள்ளது. மின்தடுப்பு வேறுபாட்டால் குறிகை சிதைந்து, காட்சி நடுவே விளக்குகள் தாமாகத் துடிப்பதற்கு இது ஒரு காரணம். உரிய வடத்தை வாங்குவதோடு, தொடரின் கடைசி விளக்கில் 120 ஓம் தடை கொண்ட முடிப்பானைச் செருகுவதும் தேவை.

கடையில் சோதித்தல்

மேற்கூறியவற்றைக் கருவிகளின்றியே பெருமளவு சோதிக்க இயலும். குழுவின் நடிகர் ஒருவரையும், ஒரு சிவப்புப் பட்டுத் துணியையும், சிறிது மஞ்சள்பொடியையும், வழக்கமாக இடும் ஒப்பனைப் பூச்சையும் உடன் கொண்டு செல்வது போதுமானது. அவற்றைச் சூரிய ஒளியில் ஒருமுறையும் விளக்கொளியில் ஒருமுறையும் பார்த்து ஒப்பிடலாம். ஒளியைப் பத்து விழுக்காட்டிலிருந்து சுழிக்கு மெல்ல இறக்கித் துள்ளலைக் கவனிக்கலாம். அவ்விளக்கைக் கைப்பேசியால் படம்பிடித்துக் கருங்கோடுகளைத் தேடலாம். அரைமணி நேரம் முழு ஒளியில் எரியவிட்டு, கடையின் மற்ற ஓசைகள் அடங்கிய நேரத்தில் விசிறியைக் கேட்கலாம். உலோக உடலுக்கு நிலமிணைப்பு உண்டா, பாதுகாப்புச் சங்கிலி மாட்ட வளையம் உண்டா என்பவற்றை விலை பேசுமுன் பார்த்துவிட வேண்டும். விற்பனையாளர் அரைமணி நேரம் காத்திருக்க இசையாராயின், ஒரு விளக்கை மட்டும் வாங்கி ஒத்திகையில் ஒரு வாரம் எரித்துப் பார்த்து, பின்னர் எஞ்சியவற்றை வாங்கலாம். ஒரே வகை விளக்குகளை ஒரே தொகுப்பிலிருந்து பெறுவதற்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். தொகுப்பு மாறினால் ஒரே பெயருள்ள இரு விளக்குகளின் வெண்மை இருவேறாக இருக்கும், அது இரு நடிகர் அருகருகே நிற்கும்போதே தெரியவரும்.