அகத்தி வைரஸின் கட்டமைப்பும் உயிரணுவுக்குள் எதிர்ப்பொருள் சேர்ப்பும்

மதுரை கோச்சடைக்கு மேற்கே, வைகைக் கரையிலுள்ள சோழவந்தான் கொடிக்கால்களில் வெற்றிலைக்குக் கொழுகொம்பாக நிற்பது அகத்தி. அம்மரத்தில் தேமல் நோயை உண்டாக்கும் வைரஸ், உயிரணுவுக்குள் மருந்து சேர்க்கும் நுண்துகளாக ஆராயப்பட்டுள்ளது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் எச்.எஸ். சாவித்திரி, எம்.ஆர்.என். மூர்த்தி ஆகியோரின் ஆய்வுக்குழு அதன் கட்டமைப்பை 3 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் 1995இல் வெளியிட்டது. அவ்வைரஸின் கூடு 180 உறைப்புரத அலகுகளால் ஆனது. இருபது முகச் சமச்சீர் உடையது. பாக்டீரியாவில் உருவாக்கப்பட்ட உறைப்புரதமும் தானாகவே கூடாக இணைகிறது.

எதிர்ப்பொருள்கள் உயிரணுச் சவ்வைத் தாமாகக் கடப்பதில்லை; ஆகவே உயிரணுவின் உள்ளிருக்கும் இலக்குகள் அவற்றுக்கு எட்டுவதில்லை. இத்தடையை நீக்க, உறைப்புரதத்தின் ஒரு வளையப் பகுதியில் ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியத்தின் ‘புரதம் ஏ’யிலிருந்து ஒரு கூறு மரபுப் பொறியியல் வழியே பொருத்தப்பட்டது. 2016இல் வெளியான அவ்வாய்வின்படி, மாற்றியமைத்த கூடு சிதையாமல் உருவாயிற்று. எதிர்ப்பொருளைப் பற்றும் நாட்டம் 43 மடங்கு உயர்ந்தது. குன்றிமணியின் நச்சான அப்ரினுக்கு எதிரானது உட்பட மூன்று எதிர்ப்பொருள்களை அது பாலூட்டி உயிரணுக்களுக்குள் சேர்த்தது.

இவை ஆய்வக உயிரணுக்களில் கிடைத்த முடிவுகள். மருத்துவப் பயன்பாட்டிற்கு மேலும் சோதனைகள் தேவை. எனினும், கூடு சிதையாமல் எவ்விடத்தை மாற்றலாம் என்பதைக் காட்டியது அடிப்படைக் கட்டமைப்பு ஆய்வே என்பது தெளிவு.